பதினோரு நாள் மூத்தவள்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதையும் மட்டாஞ்சேரியில்தான் படித்தேன். இன்று திருச்செங்கோட்டில் எனக்கு ஏழு போர்வெல் வண்டிகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய்த் துளை போடுகின்றன. மேலே வருகிற புழுதியின் நிறத்தைப் பார்த்தே கீழே கெட்டிப்பாறையா, பிளவா என்று சொல்லிவிடுவேன். கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு போவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்தது கிடையாது.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் கொடுத்தார்கள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா கொச்சியில் முனிசிபாலிட்டி துப்புரவு வேலை. அம்மா மட்டாஞ்சேரிச் சரக்குக் கிட்டங்கிகளில் சுக்கும் மிளகும் கட்டுகிற சாக்குகளின் ஓட்டையைத் தைப்பவர். ஒரே கூரைக்குக் கீழே ஆறு அறை இருக்கும் லைன் வீட்டில் மூன்றாவது அறை எங்களுடையது. என்னைப் பெற்றதும் அம்மாவுக்கு ஜன்னி கண்டு, பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாலாவது அறையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு அப்போதுதான் பதினோரு நாள் முன்பு ஒரு பெண் பிறந்திருந்தது. அவர் வந்து, அழுதுகொண்டு கிடந்த என்னைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நான். எட்டு மாதம். பெற்றவளை அம்மா என்றும் அவரை உம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தேன்.

அவர்கள் வழக்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களேதான். ஒப்புக்குச் சொல்வதில்லை, அவர்கள் மார்க்கத்தின் சட்டமே அப்படி. ஒருவரை ஒருவர் கல்யாணம் கட்ட முடியாது. அவள் எனக்கு முன்னால் முக்காடு போட வேண்டியதும் இல்லை. எல்லாரும் அறிய அவள் எனக்கு அக்கா.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த மாமன் வீட்டுக்கு வந்துவிட்டார். அதோடு சரி. நான் திரும்பப் போகவே இல்லை. ஐம்பத்தெட்டு வருடம்.

இந்த வருடம்தான் போனேன், அதுவும் சுற்றுலாக்காரனாக. மகள் எல்லாவற்றையும் செல்போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். கொச்சியில் மூன்று நாள், அப்புறம் ஆலப்புழையில் படகு வீடு. கொச்சியில் நாங்கள் தங்கிய வீட்டுப் பையன் சாவியோடு ஒரு வரைபடத்தையும் என் கையில் கொடுத்து, மட்டாஞ்சேரிக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் விளக்கினான். நான் பிறந்த ஊருக்கு எனக்கு வழி! கேட்டுக்கொண்டேன். என் மனைவி வாய்க்குள் சிரித்தாள்.

இருபது வருடமாக அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். எனக்குக் கொச்சியில் ஒரு அக்கா இருக்கிறது, நான் போய் நின்றால் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று. அவள் அதை என் மற்றப் பெருமைகளோடு சேர்த்துத்தான் வைத்திருந்தாள். ஆனாலும் வரும்போது பட்டுச்சேலை, கண்ணாடி வளையல், மல்லிகைப்பூ எல்லாம் தாம்பாளத்தோடு அவளே எடுத்து வைத்திருந்தாள். தம்பி வீட்டிலிருந்து போகிறது அல்லவா.

லைன் வீடு இருந்தது. ஆனால் ஆறு அறையையும் இடித்து ஒன்றாக்கிப் பழைய சாமான் விற்கும் கடை ஆக்கியிருந்தார்கள். அம்மா சாக்குத் தைக்கும் மூலையில் ஒரு மரக்குதிரை நின்றது. விலை கேட்டேன், வாங்க அல்ல, சும்மா. எதிரே சாயாக்கடையில் விசாரித்தேன். தமிழ் பேசுகிற உம்மாவின் மகள், இந்தப் பக்கம்தான் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்வி.

கடைக்காரர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "ஆ, தமிழ் உம்மா! பள்ளிவாசலுக்குப் பின்னாடி மஞ்ச வீடு. அவங்க புருஷன் மரிச்சு ரண்டு மாசமாயி" என்றார்.

அக்காதான் இப்போது தமிழ் உம்மா. கையில் தாம்பாளத்தோடு நின்றோம். என் மனைவிதான் முதலில் சுதாரித்தாள்.

"ஏனுங்க, பட்டையும் பூவையும் தூக்கிட்டு அந்த ஊட்டு வாசல்ல போய் நிப்பீங்களா? ரூம்ல வெச்சுப்போட்டு வாங்க. பழம் மட்டும் வாங்கிக்கலாம்."

அப்படியே செய்தோம்.

மஞ்சள் வீட்டில் கதவைத் திறந்தவர் அக்காவின் மகன். நாற்பது வயது இருக்கும். தோப்பும்படி துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறவர் என்று பிறகு தெரிந்தது. விரல் நகத்தில் கிரீஸ் இருந்தது. எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"ஆரு வேணும் சார்?"

"உங்கம்மாவப் பாக்கோணும். நான் அவங்க தம்பி."

"உம்மாக்குத் தம்பி இல்லையே. ஒரு அண்ணன் இருந்தாரு, அவரும் மௌத்தாகி வருஷம் பத்தாச்சு."

"பால்குடித் தம்பி. லைன் வீட்டுல, மூணாவது ரூம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தணிந்த குரலில், "உம்மா இத்தாவுல இருக்காங்க, மனசிலாச்சா? நாலு மாசம் பத்து நாள். வெளிய வர மாட்டாங்க, அந்நிய ஆம்பளைங்க ஆரையும் பாக்க மாட்டாங்க. சேச்சி உள்ள போகட்டும். நீங்க இவிட இரிங்க. நான் கேட்டுட்டு வரேன்" என்றார்.

புருஷன் இறந்தால் அவர்கள் வீட்டுப் பெண்கள் இருக்கும் தனிமை அது. உடன்பிறந்தவனும் பெற்ற பிள்ளையும் பார்க்கலாம். வேற்று ஆண் பார்க்கக்கூடாது. இதெல்லாம் சிறு வயதில் அந்த வீட்டிலேயே பார்த்து எனக்குத் தெரியும். ஆனால் என்னை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவள் உள்ளே இருந்தாள். உடன்பிறந்தவனா, வேற்று ஆணா? அவள் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கே சீட்டு எழுதிக் கொடுக்காமல் உள்ளே போகிறவன் நான். பூப்போட்ட ஒரு திரைத்துணிக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே என் மனைவியின் குரல் கேட்டது. திருச்செங்கோடு என்றாள், லைன் வீடு என்றாள், என் அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

மகன் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. அவங்களுக்குத் தம்பின்னு ஆரும் இல்லன்னு சொல்றாங்க."

எத்தனையோ இடத்தில் ஆயிரம் அடி போட்டு வெறும் புழுதி வந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி திரையை விலக்கி நிலைப்படியில் வந்து நின்றாள். "உங்க பேச்சை எடுத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு வராதவன் என்ன தம்பிங்கறாங்க. கார்டு போட்டாங்களாமே? எங்கிட்டச் சொல்லவே இல்லயே நீங்க."

சொல்லவில்லைதான். பெருமையில் சேராததை யார் சொல்வார்கள்?

கல்யாணக் கார்டு வந்தது உண்மை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, வண்டியில் கூலிக்கு ராடு மாட்டிக்கொண்டிருந்தேன். கார்டு முழுக்க மலையாள எழுத்து. கொச்சியில் இருந்துவிட்டுப் போனவர்கள்தானே, படித்துவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். பேசத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுத்துத் தெரியுமா? நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு. அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஏதோ சாமி படக் கார்டு போல அதைச் சுவரில் சொருகி வைத்திருந்தோம்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன். சின்ன வயதில் பதினோரு நாளைக்கெல்லாம் அக்காவா என்று நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அன்றைக்கு வாயில் வேறு வந்தது.

"அக்கா. கார்டு மலையாளத்துல இருந்துச்சுக்கா. எனக்கும் தெரியல, அம்மாவுக்கும் தெரியல. பாலக்காட்டு டிரைவர் ஒருத்தன் வந்து படிச்சுச் சொன்னப்ப, கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் ஆயிருச்சு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் குரல் வந்தது. கனத்த குரல், உம்மாவின் குரலேதான்.

"அதுக்கப்புறம் நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சே. அந்த வருஷங்களும் மலையாளத்துலயா இருந்துச்சு?"

மகன் தலை குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினாரா, சங்கடமா தெரியவில்லை. வேலை என்று சொல்லலாம். வண்டி வாங்கினேன், கடன், பிள்ளைகள் என்று சொல்லலாம். அம்மா சாகும்போது கூட, அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாடா என்றுதான் சொன்னார். கொஞ்சம் பெரிய ஆளாகிவிட்டுப் போகலாம் என்று தள்ளினேன். பெரிய ஆளானதும், இத்தனை நாள் போகாமல் எப்படிப் போவது என்று தள்ளினேன்.

"வரலக்கா. அவ்வளவுதான். தப்பு என்னோடதுதான்" என்றேன்.

என் மனைவி பழப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியது. போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அந்தப் பிள்ளை நல்லவர். ஒரு பெரிய மனிதனை வாசலில் இப்படி விட அவருக்கு மனசு வரவில்லை. செல்போனை எடுத்துப் பள்ளிவாசல் உஸ்தாதுக்கு, அவர்கள் மத ஆசிரியருக்கு, பேசினார். மலையாளத்தில் நீளமாக விளக்கினார். வேறு மதத்துக்காரர், பால்குடி சம்பந்தம், உம்மா இத்தாவில், உள்ளே வரலாமா என்று. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மதம் பிரச்சனை இல்லையாம். பால்குடி உறப்பா, நிச்சயமா தெரிஞ்சா உடன்பிறப்புதானாம். ஆனா எத்தனை தடவை குடிச்சீங்கன்னு கேக்கறாரு. வயிறு நிறைய அஞ்சு தடவையாவது குடிச்சிருக்கணுமாம். அஞ்சு தடவை இருக்கும்தானே?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அஞ்சு தடவையா! எட்டு மாசம்டா! ரெண்டு பக்கமும் இவனே குடிச்சுத் தீர்த்துட்டான், எனக்கு உம்மா சர்க்கரைத் தண்ணி குடுத்து வளத்தாங்க. இன்னைக்கு எனக்கு மூட்டு தேஞ்சு கிடக்கே, அதுக்கு இவன்தான் காரணம். அஞ்சு தடவையாம்! உஸ்தாதுகிட்டச் சொல்லு, கணக்கெல்லாம் எங்கிட்ட இருக்குன்னு."

போனில் உஸ்தாதுக்கும் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"எடா, எதுக்கு வெயில்ல நிறுத்தி வச்சிருக்க? உள்ள வரச் சொல்லு அந்தக் கள்ளனை!"

திரையை விலக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. முழுக்க நரைத்த, எண்ணெய் காணாத முடி. முக்காட்டை இழுத்து மூடவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, என் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள், சந்தையில் பூசணிக்காய் பார்ப்பது போல.

"தொப்பை வச்சுட்டே. பல்லு உன்னோடதா, கட்டினதா?"

"என்னோடதுதான்."

"பொய்."

"கீழ் வரிசை மட்டும் கட்டினது."

பேச்சு வாக்கில் ஏழு வண்டியைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "ஏழு இருந்துச்சுல்ல? ஏதாவது ஒண்ணுல ஏறி வந்திருக்கலாம்" என்றாள். என் மனைவி அன்றைக்கு அவளுக்கு அடிமையானாள்.

அப்புறம் சிரிப்பு ஓய்ந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அவர் மௌத்தான அன்னைக்கு வீடு நிறைய ஆளு. எல்லாம் அவர் பக்கத்து ஆளு. என் வீட்டு ஆளுன்னு கைகாட்ட ஒருத்தர் இல்ல. உம்மா இல்ல, அத்தா இல்ல, அண்ணன் இல்ல. உன்னை நினைச்சேன் அன்னைக்கு. நினைச்சு வஞ்சேன், கேட்டோ."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

மகன் சாயா கொண்டுவர உள்ளே போன நேரத்தில் அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒண்ணு பண்ணு. பள்ளிக்காட்டுல அவர் கபருக்குத் தலைமாட்டுல மைலாஞ்சிக் கம்பு நட்டிருக்காங்க. பச்சையா இருக்கிற வரைக்கும் அது அவருக்காக ஓதிட்டு இருக்கும்னு சொல்லுவாங்க. தழைச்சுதாடான்னு இவன்கிட்டக் கேட்டா, நல்லாத் தழைச்சிருக்கும்மாங்கிறான். சொல்றப்ப என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான். என்னால போக முடியாது. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

மைலாஞ்சி என்பது நம் மருதாணிதான்.

மகனோடு போனேன். பள்ளியை ஒட்டிய இடுகாடு, வரிசையாகக் கல் நட்ட கபர்கள், பல கபர்களின் தலைமாட்டில் மருதாணி புதராக நின்றது. அக்கா புருஷன் கபரில் ஒரு காய்ந்த குச்சி. தொட்டேன், ஆடியது. மெதுவாகத் தூக்கினேன். கையோடு வந்துவிட்டது, ஒரு வேர் கூட இல்லை. மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தேன். கருமணல், உப்புப் பூத்திருந்தது.

மகன் கண் கலங்கி நின்றார். "மூணு கம்பு நட்டாச்சு. ஒண்ணும் பிடிக்கல. மாமா, நீங்களும் தழைச்சிருக்குன்னே சொல்லிடுங்க. உம்மாக்குச் சுகர் இருக்கு. சரியா தின்னறதில்ல, உறங்கறதில்ல."

மாமா என்றார். அதுவரைக்கும் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். ஒன்றைப் பத்தாகச் சொல்வதில் எனக்கு என்ன சிரமம்? ஆளுயரம் வளர்ந்து பூத்துக் குலுங்குகிறது என்று சொல்ல என்னால் முடியும். திரும்பி நடந்த வழியெல்லாம் அதையேதான் ஒத்திகை பார்த்தேன்.

உள்ளே போனதும் அவள் என் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் உள்ளே விட்டிருக்கிறாள். சுற்றி இருப்பவர்களெல்லாம் அவள் நன்மைக்காக மறைக்கிறார்கள், மறைக்காத ஒரு ஆள் வேண்டும் என்றுதான் தன் வீட்டு ஆளைத் தேடியிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"காஞ்சு போச்சுக்கா. வேரே புடிக்கல" என்றேன்.

மகன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முக்காட்டு நுனியைக் கையில் எடுத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் மகனைப் பார்த்து, "நீ போய்ச் சோறு வைடா. பசிக்குது" என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"எப்படி வச்சாப் பிடிக்கும்? பூமியப் பத்தி எல்லாம் தெரியும்னு உன் பொண்டாட்டி சொன்னாளே."

பூமியைப் பற்றிக் கேட்டால் நான் விடுவேனா? முழங்கை ஆழத்துக்கு உப்பு மணலைத் தோண்டி எறிய வேண்டும். வெளியிலிருந்து செம்மண்ணும் மக்கின எருவும் போட வேண்டும். இளந்தளிர்க் கம்பு ஆகாது, பென்சில் பருமனில் முற்றின கம்பு வேண்டும். இங்கத்திக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக்கூடாது, குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லாம் சொன்னேன். கொல்லையில் அவர்கள் மருதாணி நின்றது. என் மனைவியின் தோளைப் பிடித்து நடந்து போய், அக்காவே ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்து ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தாள். ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோய் நட்டோம், நானும் எனக்கு மருமகனாகிவிட்ட அவள் மகனும்.

"நாளைக்கும் வந்து சொல்லு" என்றாள்.

மறுநாளைக்கு மறுநாள் ஆலப்புழைப் படகு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள். "படகு எங்கீங்க போயிரப் போவுது? தண்ணிலதான கெடக்குது."

பத்து நாள் தங்கினோம். தங்கிய வீட்டுப் பையன் தினமும் ஏதாவது அருங்காட்சியகத்தைச் சொல்லுவான். நான் குழாய்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பள்ளிக்காட்டுக்குப் போவேன். என் மனைவி நேராக மஞ்சள் வீட்டுக்குப் போய்விடுவாள். தண்ணீர் ஊற்றிவிட்டு நானும் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்தது பார்த்தபடி சொல்லுவேன். இலை தொங்கியது. இலை உதிர்ந்தது. கம்பு இன்னும் பச்சைதான், நகத்தால் கீறிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டு சாப்பிடுவாள். சில நாள் பாதித் தட்டு, சில நாள் முழுத் தட்டு.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் மேலிருந்து இரண்டாவது கணு தடித்திருந்தது. மருமகனை அழைத்துக் காட்டினேன். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"துளிரா?" என்று கேட்டாள் அக்கா.

"துளிர் இல்லக்கா. கணு வீங்கியிருக்கு."

"எத்தனை பெருசு?"

"கடுகளவு."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கடுகளவு என்றுதான் மறுபடியும் சொன்னேன்.